நீல வைரமும் பொன்னிறக் கிராஃபைட்டும்

செல்பேசியில் சார்ஜ் ஏறும்போது அதன் வயிற்றுக்குள் ஒரு நிறமாற்றம் நடக்கிறது. பேட்டரியின் ஒரு மின்வாயில் பூசப்பட்டிருப்பது கிராஃபைட். பென்சில் முனையில் இருக்கும் அதே கரும்பொருள்தான். சார்ஜ் ஏற ஏற அது கருநீலமாகிறது, பிறகு செம்மை தட்டுகிறது, பேட்டரி நிறையும் தறுவாயில் பொன்னிறம் கொள்கிறது. உறை மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. கண்ணாடிச் சாளரம் வைத்த சோதனைக் கலங்களில் ஆய்வாளர்கள் இதை நுண்ணோக்கி வழியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். சார்ஜ் இறங்கினால் பொன் சிவப்பாகி, சிவப்பு நீலமாகி, மறுபடியும் கறுப்பு.

தங்கம் அங்கே துளிகூடக் கிடையாது. கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே லித்தியம் புகுந்து உட்கார்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்றால் சிவப்பு, ஆறுக்கு ஒன்று என்றால் பொன். ஒரு பொருளின் எலக்ட்ரான்கள் எந்த ஒளியை விழுங்குகின்றன, எதைத் திருப்பி அனுப்புகின்றன என்பதுதான் அதன் நிறம். நிறம் மாறினால் உள்ளே எலக்ட்ரான்களின் ஏற்பாடு மாறிவிட்டது என்று பொருள். கார்பன் விஷயத்தில் இந்த மாற்றத்தை உண்டாக்க மிகச் சில வேற்று அணுக்கள் போதும். வேண்டுமென்றே அப்படிக் கலப்பதைப் பாடநூல்கள் மாசூட்டல் என்கின்றன. வந்து சேரும் அணு எது என்பது பாதி விஷயம்தான். அது எந்த இடத்தில் உட்காருகிறது, எத்தனை பேராக வருகிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் மீதியை முடிவு செய்கின்றன.

கார்பனுக்குப் பிணைப்பில் ஈடுபடும் எலக்ட்ரான்கள் நான்கு. வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு அண்டை கார்பன்களோடு கைகோத்து, நான்கையும் செலவழித்துவிடுகிறது. திடப்பொருளில் எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் பட்டை பட்டையாக அமைகின்றன. வைரத்தின் கீழ்ப்பட்டை முழுக்க நிரம்பியிருக்கிறது, மேல்பட்டை காலி. இரண்டுக்கும் நடுவே 5.5 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி. சிலிக்கானில் இது 1.1 மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் ஏறத்தாழ 1.7 முதல் 3.1 வரை. வைரத்தின் எலக்ட்ரானை மேல்பட்டைக்குத் தூக்கிவிட அந்த ஒளிக்குச் சக்தி போதாது. விழுங்கப்படாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. சுத்தமான வைரம் தெளிந்த நீரைப் போலிருப்பதும், மின்சாரத்தைக் கடத்தாமலிருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

நிரம்பிய பட்டையில் இத்தனை எலக்ட்ரான்கள் இருந்தும் மின்சாரம் ஏன் ஓடுவதில்லை? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளலாம். எல்லா இலைக்கும் ஆள் உட்கார்ந்துவிட்டால் யாரும் நகர வழியில்லை. நடுவில் ஓர் இலை காலியானால் பக்கத்து ஆள் அங்கே நகர்வார், அவருடைய இடத்துக்கு அடுத்தவர் வருவார். பார்ப்பவருக்குக் காலி இலைதான் வரிசை நெடுக நகர்ந்து போவது போலத் தோன்றும். இயற்பியலில் அந்தக் காலி இடத்துக்குத் துளை என்று பெயர். நேர்மின்னூட்டம் கொண்ட துகளாகவே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

வைரத்தில் இந்தக் காலி இடத்தை உண்டாக்குவது போரான். தனிம அட்டவணையில் கார்பனுக்கு இடப்பக்கத்து வீடு. பிணைப்பு எலக்ட்ரான்கள் மூன்றே. கார்பனின் இடத்தில் போரான் உட்கார்ந்தால் நான்காவது பிணைப்புக்கு ஓர் எலக்ட்ரான் குறைகிறது. அந்தக் குறை, கீழ்ப்பட்டைக்கு 0.37 எலக்ட்ரான் வோல்ட் மேலே ஒரு புதிய படியாக அமைகிறது. கீழ்ப்பட்டையிலிருந்து எலக்ட்ரான்கள் ஒளியை வாங்கிக்கொண்டு அந்தப் படிக்குத் தாவுகின்றன. பெரும்பாலும் அகச்சிவப்பைத்தான் விழுங்குகின்றன, ஆனால் விழுங்கலின் வால் சிவப்பு வரை நீள்கிறது. சிவப்பு குறைந்தால் கண்ணுக்கு மிஞ்சுவது நீலம்.

உலகின் மிகப் புகழ்பெற்ற நீல வைரமான ஹோப் வைரத்தின் நிறக் கணக்கும் இதுவே. கிருஷ்ணா நதிக்கரையின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து கிடைத்ததாகக் கருதப்படும் கல்லை, பிரெஞ்சு வணிகர் தவெர்னியே பதினேழாம் நூற்றாண்டில் வாங்கிப்போய் பதினான்காம் லூயி மன்னருக்கு விற்றார். கைமாறிக் கைமாறி, பட்டை தீட்டப்பட்டு, இன்று 45.52 காரட் எடையில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1958-இல் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் அதை அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். செலவு 145.29 டாலர், அதில் தபால் கட்டணம் 2.44 டாலர்தான், மற்றதெல்லாம் காப்பீடு.

ஒரு காரட் வைரத்தில் உள்ள கார்பன் அணுக்களை எழுத 1-க்குப் பின்னால் 22 சுழியங்கள் போட வேண்டும். இயற்கை நீல வைரங்களில் போரானின் பங்கு பத்து லட்சம் கார்பனுக்கு ஒன்று என்ற சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். பல கற்களில் அதற்கும் குறைவு. அவ்வளவு அற்பமான கலப்பு, கல்லை நீலமாக்குவதோடு மின்சாரத்தையும் ஓடவிடுகிறது. வைரங்களிலேயே மின்கடத்தும் ஒரு வகை உண்டு என்பது 1950-களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அப்போது பழி அலுமினியத்தின் மேல் விழுந்தது. அதற்கும் மூன்று எலக்ட்ரான்கள்தானே. 1962-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வென்டார்ஃபும் போவன்கெர்க்கும் போரான் கலந்து செயற்கையாக நீல வைரம் செய்து காட்டினார்கள். ஆனாலும் இயற்கைக் கற்களின் நீலம் போரானால்தான் என்று உறுதிப்பட 1970-களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூமியின் ஆழத்தில் போரான் மிக அரிது. அப்படியிருக்க வைரத்துக்குள் எப்படி வந்தது? 2018-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வு ஒரு விடை சொன்னது. நீல வைரங்களுக்குள் சிறைப்பட்டிருந்த கனிமத் துணுக்குகளை ஆராய்ந்ததில், இவை 660 கிலோமீட்டருக்கும் கீழே உருவானவை என்று தெரிந்தது. மற்ற வைரங்களில் பெரும்பாலானவை 150 முதல் 200 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தவை. கடல் தரைப் பாறை கடல்நீரிலிருந்து போரானை உறிஞ்சி, கண்டத்தட்டின் அடியில் செருகிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கியபோது அதையும் உடன் கொண்டுபோயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

போரான் படியின் உயரமான 0.37 என்ற எண்ணுக்குத் திரும்பினால் வைரத்தின் பிடிவாதம் தெரியும். அறை வெப்பத்தில் ஓர் எலக்ட்ரானுக்குச் சராசரியாகக் கிடைக்கும் வெப்ப ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட். சிலிக்கானில் போரானின் படி 0.045 உயரம்தான், ஆகவே ஏறக்குறைய எல்லாப் போரானும் வேலை செய்கிறது. வைரத்தில் சிறு பங்கு போரான்கள் மட்டுமே தம் துளையை விடுவிக்கின்றன. இதைச் சமாளிக்க ஒரு வழி, கூட்டத்தைப் பெருக்குவது. ஆயிரம் கார்பனுக்கு ஏறத்தாழ இரண்டு போரான் என்ற அடர்த்தியை எட்டினால், தனித்தனிப் போரான்களின் படிகள் ஒன்றோடொன்று இழைந்து தாமே ஒரு பட்டையாகிவிடுகின்றன. அப்போது வைரம் நீலமல்ல, கறுப்பு, நடத்தையில் உலோகம். 2004-இல் மாஸ்கோவுக்கு அருகே ட்ராய்ட்ஸ்கில் எகிமோவ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். ஏறத்தாழ 3 விழுக்காடு போரான் ஏற்றிய வைரத்தை 4 கெல்வினுக்கும், அதாவது மைனஸ் 269 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிரவைத்தபோது மின்தடை முற்றாக மறைந்தது. காப்புப்பொருளாகப் பெயர் வாங்கிய வைரம் மீகடத்தியானது.

இனி கார்பனின் வலப்பக்கத்து வீடு: நைட்ரஜன். ஐந்து எலக்ட்ரான்கள், ஒன்று உபரி. போரானுக்குத் தலைகீழாக இது எலக்ட்ரானை வாரிக் கொடுத்து மின்சாரத்தை ஓடவைக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். வைரத்தில் அது நடப்பதில்லை. நைட்ரஜன் தன் இடத்தில் நேராக உட்காராமல் ஒரு பக்கமாக விலகிக்கொள்கிறது. நான்கு பிணைப்புகளில் ஒன்று நீண்டுவிடுகிறது. உபரி எலக்ட்ரான் அந்த நீண்ட பிணைப்பில் சிக்கிக்கொள்கிறது. அதை மேல்பட்டைக்கு விடுவிக்க 1.7 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அறை வெப்பத்தில் வாய்ப்பே இல்லை. ஆனால் நீல ஒளியை விழுங்க அந்தப் படி போதும். அதனால் கல் மஞ்சளாகிறது. தொழிற்சாலையில் உயர் அழுத்தத்தில் வளர்க்கப்படும் வைரங்கள், காற்றின் நைட்ரஜனை விலக்கத் தனிக் கவனம் எடுக்காவிட்டால், மஞ்சளாகவே வருவது இதனால்தான்.

அப்படியானால் நகைக்கடை வைரங்களில் நைட்ரஜன் இல்லையா? உண்டு. இயற்கை வைரங்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நைட்ரஜன் கொண்டவை. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமியின் சூட்டில் கிடந்ததில் நைட்ரஜன் அணுக்கள் மெல்ல நகர்ந்து இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்கின்றன, அல்லது காலியான ஓர் அணுவிடத்தைச் சுற்றி நான்காகக் கூடுகின்றன. இப்படிக் கூடியவை காணும் ஒளியைத் தொடுவதில்லை; புற ஊதாவையும் அகச்சிவப்பையும் மட்டும் விழுங்குகின்றன. ஆகவே கல் நிறமற்றுப் பளிச்சிடுகிறது. ஒரே அணு, ஒரே கல். தனித்து இருந்தால் மஞ்சள், ஜோடியானால் தெளிவு.

இந்தக் கண்ணாமூச்சியில் சிக்கிய பெரும் பெயர் ஒன்று உண்டு. 1934-இல் ராபர்ட்சன், ஃபாக்ஸ், மார்ட்டின் என்ற மூவர் பிரிட்டனில் ஒரு புதிரை வெளியிட்டார்கள். பெரும்பாலான வைரங்கள் புற ஊதாவைத் தடுக்கின்றன, அரிதான சில ஊடுருவ விடுகின்றன. அகச்சிவப்பிலும் இரண்டு வகையும் வேறுபடுகின்றன. வைரத்தின் மேல் தீராத காதல் கொண்டிருந்த சி.வி. ராமன் பெங்களூரில் இந்தப் புதிரைக் கையிலெடுத்தார். வேறுபாடு மாசினால் வருவதல்ல, படிகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்று 1940-களில் வாதிட்டார். சாதாரண வைரங்களுக்கு நான்முகச் சமச்சீர், அரிய வகைக்கு எண்முகச் சமச்சீர் என்பது அவர் கொள்கை. லண்டனின் கேத்லீன் லான்ஸ்டேல் போன்ற படிகவியலாளர்கள் ஏற்கவில்லை. 1959-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கைசரும் பாண்டும் வைரங்களை அளந்து பார்த்து, புற ஊதாவைத் தடுக்கும் கற்களில் நைட்ரஜன் நிறைந்திருப்பதையும், அகச்சிவப்பு விழுங்கல் அதன் அளவோடு சேர்ந்து ஏறுவதையும் காட்டினார்கள். நோபல் பரிசு பெற்ற கண்ணுக்கும் அகப்படாமல் இருந்தது நாம் மூச்சில் இழுக்கும் காற்றின் ஐந்தில் நான்கு பங்கு!

கொள்கை தோற்றாலும் ராமனின் ஆய்வகத்து அளவீடுகள் தோற்கவில்லை. பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுக் கருவிகளின் அன்னை என்று சொல்லத்தக்க அன்னா மணி அப்போது ராமனிடம் ஆய்வு மாணவி. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைக் குளிரவைத்து, ஒளிப்படத் தகட்டில் நிறமாலை பதிய 15, 20 மணி நேரம் ஒளிபடவிட்டுக் காத்திருந்து, அவை ஒளிரும் விதத்தைப் பதிவு செய்தார். சென்னைப் பல்கலைக்கழகம் முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி முனைவர் பட்டம் தரவில்லை. அதை அவர் பெரிதுபடுத்தவுமில்லை. நீலமாக ஒளிரும் வைரங்களில் காணப்படும் 415 நானோமீட்டர்க் கோடு, காலியிடத்தைச் சூழ்ந்த மூன்று நைட்ரஜன்களின் கைரேகை என்று இன்று தெரியும். அந்த ஒளிர்வுகளை மாசு என்று பெயரிடாமலே அவர் துல்லியமாக அளந்து வைத்திருக்கிறார்.

காலியிடத்தின் பக்கத்தில் ஒரே ஒரு நைட்ரஜன் இருந்தால்? இன்றைய குவாண்டம் ஆய்வகங்களின் செல்லப்பிள்ளை அதுதான். பச்சை லேசரை அடித்தால் சிவப்பாக ஒளிரும். அதில் சிக்கிய எலக்ட்ரான்களின் தற்சுழற்சி 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலைக்கு இசைந்து ஆடுகிறது. அருகில் காந்தப்புலம் இருந்தால் அந்த எண் பிளவுபடுகிறது. ஒளியின் பிரகாசத்தைப் பார்த்தே காந்தப்புலத்தை அளந்துவிடலாம், அதுவும் அறை வெப்பத்தில். 1997-இல் இத்தகைய தனி மையம் ஒன்றை முதன்முதலாகப் பிரித்துக் கண்டார்கள்.

அதே 1997-இல் ஜப்பானின் சுகுபாவில் கோய்சுமி குழுவினர், நைட்ரஜன் செய்ய மறுத்த வேலையைப் பாஸ்பரஸைக் கொண்டு செய்தார்கள். கார்பனைவிடப் பெரிய அணு. நெருக்கமான வைரக் கூட்டுக்குள் அதை நுழைப்பதே பாடு. நுழைந்துவிட்டால் அதன் உபரி எலக்ட்ரானை விடுவிக்க 0.6 எலக்ட்ரான் வோல்ட் அளவே போதும். போரான் வைரத்தையும் பாஸ்பரஸ் வைரத்தையும் ஒட்டவைத்து, 2001-இல் 235 நானோமீட்டர் புற ஊதாவை உமிழும் எல்.ஈ.டி. செய்தார்கள்.

கிராஃபைட் குடும்பத்தின் கதை வேறு. அங்கே ஒவ்வொரு கார்பனும் மூன்று அண்டைகளோடு மட்டும் பிணைந்து, நான்காவது எலக்ட்ரானைத் தாள் முழுக்க உலவ விட்டுவிடுகிறது. ஓர் அணுத் தடிமனுள்ள ஒற்றைத் தாள்தான் கிராஃபீன். 2004-இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் அதைப் பிரித்தெடுத்து, 2010-இல் நோபல் பெற்றார்கள். கிராஃபீனில் கீழ்ப்பட்டையும் மேல்பட்டையும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொண்டிருக்கின்றன; இடைவெளி பூஜ்யம். எலக்ட்ரான்கள் சரியாக அந்தப் புள்ளிவரை நிரம்பியிருக்கின்றன. நைட்ரஜன் வந்து எலக்ட்ரான் கொடுத்தால் மட்டம் புள்ளிக்கு மேலே ஏறும், போரான் வந்தால் கீழே இறங்கும். பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் சி.என்.ஆர். ராவ் குழுவினர் இரண்டையும் 2009-இல் செய்து காட்டினார்கள். கிராஃபைட் தண்டுகளுக்கு இடையே மின்வில் மூட்டி, சுற்றிலும் டைபோரேன் வாயுவை வைத்தால் போரான் கலந்த கிராஃபீன், பிரிடின் ஆவியை வைத்தால் நைட்ரஜன் கலந்தது.

ஒரு நைட்ரஜன் உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது? 2011-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அபய் பசுபதி உள்ளிட்ட குழு, கிராஃபீனில் பதிந்த தனி நைட்ரஜன் அணுக்களை வருடு நுண்ணோக்கியால் ஒவ்வொன்றாகப் பார்த்தது. விடை: ஏறத்தாழ அரை எலக்ட்ரான். கூடுதலாகக் கொண்டுவந்த ஒன்றில் பாதி தாளுக்குப் பொதுவாகிறது. மீதி நைட்ரஜனைச் சுற்றிச் சில அணுக்களின் தூரத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நைட்ரஜனின் கரு அதை விட்டுக்கொடுப்பதில்லை.

இதுவும் நைட்ரஜன் தாளின் நடுவே, மூன்று கார்பன்களோடு பிணைந்து உட்கார்ந்தால்தான். தாளில் ஓட்டை விழுந்து, அதன் விளிம்பில் இரண்டே கார்பன்களோடு பிணைந்து உட்கார்ந்தால் ஆட்டம் தலைகீழ். உபரி எலக்ட்ரான் பக்கவாட்டில் தனி இணையாக ஒதுங்கிவிடுகிறது. பக்கத்து ஓட்டையால் தாளில் எலக்ட்ரான் பற்றாக்குறையும் வருகிறது. கொடுப்பதற்குப் பதில் அந்த இடம் தாளிலிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறது. ஒரே தயாரிப்பில் இரண்டு வகையும் கலந்து வருவது சர்வசாதாரணம். நைட்ரஜன் இத்தனை விழுக்காடு என்று மட்டும் சொல்லும் அறிக்கையை வைத்துக்கொண்டு அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

கிராஃபீன் சில்லுகள் சிலிக்கானை ஓரங்கட்டும் என்று ஒருகாலத்தில் எழுதாத பத்திரிகை இல்லை. மாசூட்டினால் எலக்ட்ரான் மட்டம் ஏறும், இறங்கும். ஆனால் ஓட்டத்தை முழுக்க நிறுத்த ஓர் இடைவெளி வேண்டும். தாளின் வேகமான ஓட்டத்தைக் கெடுக்காமல் அப்படி ஒரு நல்ல இடைவெளியைத் திறப்பது எளிதாக இல்லை. அணைக்க முடியாத சுவிட்சை வைத்துக் கணினி செய்ய முடியாதே.

மாறாக, எதிர்பாராத இடத்தில் பலன் கிடைத்தது: எரிபொருள் கலம். ஹைட்ரஜனில் ஓடும் வண்டியின் கலத்தில் ஆக்ஸிஜனைப் பிளக்கப் பிளாட்டினம் தேவை. 2009-இல் ஒஹையோவின் டேடன் பல்கலைக்கழகத்தில் லிமிங் தாய் குழுவினர், நைட்ரஜன் கலந்த கார்பன் நுண்குழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தைவிட நன்றாக அந்த வேலையைச் செய்வதைக் கண்டார்கள். உலோகமே இல்லாத வினையூக்கி! நைட்ரஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அடுத்த கார்பன் சற்று நேர்மின்னூட்டம் பெறுகிறது, ஆக்ஸிஜன் அங்கே வந்து ஒட்டுகிறது என்று விளக்கினார்கள். எந்த வகை நைட்ரஜன் என்ற சண்டை சில ஆண்டுகள் ஓடியது. 2016-இல் சுகுபா பல்கலைக்கழகக் குழு, விளிம்பில் இரண்டு கார்பன்களோடு பிணைந்த நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பன்தான் வேலை நடக்கும் இடம் என்று காட்டியது. உழைப்பது கார்பன், பெயர் நைட்ரஜனுக்கு. இந்த வினையூக்கிகள் அமிலத்தில் தளர்ந்துவிடுகின்றன. இன்றைய ஹைட்ரஜன் வண்டிகளின் கலங்களோ அமில வகை. அதனால் பிளாட்டினம் இன்னும் அசையவில்லை.

சந்தைக்கு வந்து சேர்ந்தது போரான் வைரம். நகையாக அல்ல, சிலிக்கான் அல்லது நியோபியத் தகட்டின் மேல் மெல்லிய படலமாக வளர்த்த கறுப்பு மின்வாயாக. சாதாரண மின்வாயில் கொஞ்சம் மின்னழுத்தம் ஏற்றினாலே தண்ணீர் ஆக்ஸிஜனாகக் குமிழியிட்டு மின்சாரம் வீணாகும். போரான் வைரத்தின் பரப்பில் ஆக்ஸிஜன் எளிதில் பிறப்பதில்லை. 2 வோல்ட்டுக்கு மேலும் ஏற்றலாம். அந்த அழுத்தத்தில் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சில் என்ற முரட்டுத் துண்டுகள் தோன்றுகின்றன. சாயம், மருந்துக் கழிவு, பூச்சிக்கொல்லி என்று எதிர்ப்படும் கரிமப் பொருளையெல்லாம் அவை கார்பன் டை ஆக்சைடு வரை உடைத்துப் போடுகின்றன. நுண்ணுயிரிகளால் தின்ன முடியாத கழிவுக்கு இது பயன்படுகிறது. வெற்றிடக் கலத்தில் மீத்தேனும் ஹைட்ரஜனும் போரான் வாயுவும் செலுத்தி, மணிக்கு ஒரு மைக்ரோமீட்டர் அளவில் படலம் வளர்க்க வேண்டியிருப்பதால் தகடு விலை அதிகம். சாக்கடை அளவுக்குப் பெருகி ஓடும் கழிவுநீருக்குக் கட்டுப்படியாவதில்லை. செறிவான, சிறிய அளவுக் கழிவுகளுக்கே இப்போதைக்கு இதை வாங்குகிறார்கள்.